மூடுபனி நாளுக்கும் சேர்த்து ஒரு தீர்மானம்

ஜனவரி முதல் வாரத்தில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஊரே திருந்திவிட்டதோ என்று தோன்றும். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத ரோடு, கட்டணம் கிடையாது, அதனால் புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். ஏழு ரோடு பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது: "ஒண்ணாந்தேதியிலேர்ந்து காலையில ரெண்டு பாக்கெட் பால் கூட வாங்குவேன் தம்பி. பொங்கல் முடிஞ்சா பழைய கணக்குத்தான்."

ஏன் எல்லோரும் ஒரே நாளில் ஆரம்பிக்கிறார்கள் என்பதற்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கூகுளில் 'டயட்' என்று தேடுவது, ஜிம்முக்குப் போவது இரண்டுமே வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும் வருடத் தொடக்கத்திலும் கூடுவதைக் காட்டினார்கள். காலண்டரில் ஒரு கோடு விழுந்ததும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சோம்பேறி வேறு யாரோ என்று மனசு ஒதுக்கிவிடுகிறது. இதில் நமக்கு லாபமான செய்தி, அந்தக் கோடு ஜனவரி 1-ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாண்டிக்குடிப் பக்கம் ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை இருக்கும், அந்த நேரத்தில் ஒரு தோட்டக்காரர் புதுப் பழக்கம் ஆரம்பிப்பதைவிட, பறிப்பு முடிந்த பிறகு வருகிற ஒரு திங்கட்கிழமையோ சித்திரை ஒன்றோ அவருக்கு நன்றாகவே பொருந்தும்.

சரி, ஆரம்பித்தது ஏன் நிற்கிறது? தீர்மானம் எடுத்தது டிசம்பர் 31 ராத்திரி, வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு. அதைச் செய்யவேண்டியது விடிகாலை ஐந்தரை மணிக்கு, பத்து டிகிரிக்கும் கீழே, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத மூடுபனியில். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளாதார நிபுணர் இந்த இடைவெளியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: பசி, குளிர், வலி இல்லாத நேரத்தில் அவை நம்மை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதை நாம் எப்போதுமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். இதை மன உறுதி இல்லை என்று திட்டித் தீர்ப்பதில் பிரயோஜனம் கிடையாது, அந்த ஐந்தரை மணி ஆசாமியிடம் முடிவெடுக்கும் வேலையையே விடக்கூடாது.

அதற்கான வழியை ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார். 'இந்த வருஷம் தினமும் நடப்பேன்' என்பது வெறும் ஆசை. 'காலையில் பால் வாங்கி வீட்டில் வைத்ததும், ஷூவை மாட்டிக்கொண்டு ஏரி ரோட்டில் இறங்குவேன்' என்பது திட்டம். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற அமைப்புதான் இதில் முக்கியம். பிரிட்டனில் சாரா மில்னும் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிஷம் நல்ல உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். சும்மா விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோய் வரும், உடற்பயிற்சி நல்லது என்று படிக்கக் கொடுத்து உசுப்பேற்றிய குழுவில் 35 சதவீதம், அதாவது உபதேசத்தால் ஒரு பைசா லாபமில்லை. மூன்றாவது குழுவுக்கும் அதே உபதேசம்தான், ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று ஒரு வாக்கியம் எழுத வைத்தார்கள். அவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள்! ஒரு சின்ன சோதனை, மாணவர்கள் மட்டும், ஒரே ஒரு வாரம், எல்லாம் சரி. ஆனால் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் இதுபோன்ற 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் நன்றாகவே தெரிந்தது.

ஒரு வாக்கியம் எப்படி இவ்வளவு வேலை செய்கிறது என்றால், எழுதும்போதே அந்த நேரமும் இடமும் மூளையில் பளிச்சென்று பதிந்துவிடுகின்றன. பால் பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே அடுத்த வேலை தானாக ஞாபகத்துக்கு வரும், 'போகலாமா வேண்டாமா' என்ற விசாரணை நடக்காது. அதே இடத்தில் அதே நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, யோசித்து முடிவெடுக்கிற முன்மூளையிடமிருந்து அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளுக்குக் கைமாறுகிறது. பழக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எத்தனை நாளில் கைமாறும்? 21 நாள் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது 1960-ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றி எழுதப்போய்க் கிளம்பிய கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டு, 12 வாரம் ஆளுக்கொரு பழக்கத்தை முயன்றார்கள். நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆனால் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டுகிற எண்கள், அதுவரை கிடைத்த பதிவுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு). தண்ணீர் குடிக்கிற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நான் இந்த ஆய்வில் மிக முக்கியமாக நினைப்பது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. டைரியில் தொடர்ச்சியாக டிக் போட்டுக்கொண்டே வந்து, ஒரு கட்டம் காலியானதும் 'போச்சு' என்று டைரியையே மூடிவைக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை.

இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஏரிக்கு மேலே மலை உச்சியில் இருக்கிற அப்சர்வேட்டரியில் 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். மழைக்காலத்தில் நாட்கணக்கில் சூரியனே தெரியாத ஊர் இது, பதிவேட்டில் காலி நாட்கள் ஏராளம். வானம் தெளிந்தால் படம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ஓட்டை விழுந்த தொடர்தான் இன்று சூரியனைப் பற்றி உலகத்தில் இருக்கிற மிக நீண்ட படத் தொகுப்புகளில் ஒன்று. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் அங்கிருந்து கண்டுபிடித்ததும், தற்செயலாக, ஒரு ஜனவரி மாதம்தான், 1909-ல். ஆக, உங்கள் திட்டத்திலும் மூடுபனிக்கு ஒரு வரி வேண்டும்: 'கேட்டுக்கு வெளியே ரோடு தெரியவில்லை என்றால், வராந்தாவில் 15 நிமிஷம்.'

எதை இலக்காக வைப்பது என்பதில் இரண்டு விஷயம் சொல்லலாம். சுவீடனில் 2017 புத்தாண்டுக்குத் தீர்மானம் எடுத்த 1,066 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து கேட்டதில், ஒன்றைச் செய்வேன் என்றவர்களில் ஏறக்குறைய 59 சதவீதமும், ஒன்றை விடுவேன் என்றவர்களில் 47 சதவீதமும் தேறியதாகச் சொன்னார்கள். பஜ்ஜியை விடுவேன் என்பதைவிட நாலு மணிக்கு வேகவைத்த கேரட் சாப்பிடுவேன் என்பது தேவலை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கென்னன் ஷெல்டன் என்ற உளவியலாளர் தொடர்ந்து கண்டது: மாமியார் சொன்னார், ஆபீஸில் எல்லோரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி என்று எடுக்கிற இலக்குகளுக்கு உழைப்பு சீக்கிரம் வற்றிவிடுகிறது, தானாகவே விரும்பியோ மதித்தோ எடுத்தவை தாக்குப்பிடிக்கின்றன.

அப்புறம் மே மாதம் இருக்கிறது. பழக்கம் இடத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதால் இடம் மாறினால் அதுவும் ஆட்டம் காணும், வேறு கல்லூரிக்கு மாறிய மாணவர்களிடம் வெண்டி வுட் என்ற உளவியலாளர் இதைத்தான் பார்த்தார். சீசனில் ஏரி ரோடு வண்டிகளால் அடைந்துவிடும், சைக்கிளுக்கும் குதிரைக்கும் நடுவே கைவீசி நடக்க முடியாது. அதனால் ஏப்ரல் கடைசியிலேயே அந்த ஒரு வாக்கியத்தில் இடத்தையும் நேரத்தையும் அடித்துவிட்டு, பாம்பார்புரம் பக்கமோ உங்கள் தெருவின் மேல் வளைவோ, எது காலியாக இருக்குமோ அதை எழுதி வையுங்கள்.