ஏடிபியேஸ் சாயம்: அமிலம் பட்டால் தசை இழையின் நிறம் ஏன் மாறுகிறது?

ஏடிபியேஸ் என்பது ஏடிபி என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறை உடைத்து ஆற்றலை வெளியிடும் நொதி. தசையில் இந்த வேலையைச் செய்வது மயோசின் புரதமே. ஏங்கல்ஹார்ட், லியுபிமோவா என்ற இரு ரஷ்ய அறிஞர்கள் 1939-இல் இதைக் காட்டினார்கள். மயோசின் என்ற பெயரை 1864-இல் வைத்தவர் வில்ஹெல்ம் கூனே. 'என்சைம்' என்ற சொல்லையும் அவரே 1870களில் தந்தார். கிரேக்கத்தில் அதற்கு 'ஈஸ்ட்டுக்குள்' என்று பொருள். தமிழின் 'நொதி'யும் நொதித்தலிலிருந்து வந்ததுதான், அருமையான பொருத்தம். 'ஏஸ்' என்ற விகுதி நொதியைக் குறிப்பது. ஆகவே ஏடிபியேஸைத் தமிழில் 'ஏடிபி பகுப்பு நொதி' என்றால் பொருள் முழுதாக வந்துவிடும்.

சரி, சாயம்? தசை இழைகளை வகை பிரித்துப் பார்க்க உதவும் இது, கண்டிப்பாகச் சொன்னால் சாயமே அல்ல. உறைய வைத்து வெட்டிய தசைச் சீவலுக்கு ஏடிபியும் கால்சியமும் கொடுப்பார்கள். நொதி ஏடிபியை உடைக்க, வெளிவரும் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படியும். கால்சியத்தின் இடத்தில் கோபால்ட்டை ஏற்றி, அம்மோனியம் சல்பைடு விட்டால் கறுப்பு கோபால்ட் சல்பைடு தெரியும். எனவே கறுப்பு தெரிந்தால் அங்கே நொதி உயிர்ப்போடு இருக்கிறது என்று அர்த்தம். 'நொதிவினை நிறமூட்டல்' என்ற பெயரே எனக்குச் சரியாகப் படுகிறது.

அமிலத்துக்கு வேலை இதற்கு முந்தைய கட்டத்தில். சீவலை முதலில் அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். இதை 'முன்னூறல்' எனலாம். மயோசின் வகைகள் எல்லாம் அமிலத்தை ஒரே அளவில் தாங்குவதில்லை. மனிதத் தசையில், பிஎச் (அமில, கார அளவு) 4.3-இல் மெதுவாகச் சுருங்கும் முதல் வகை இழைகளின் நொதி தாக்குப்பிடிக்கும், கறுக்கும். வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகையின் உட்பிரிவுகளான 2ஏ, 2பி இழைகளில் அது செயலிழந்து வெளுக்கும். பிஎச் 4.6-இல் 2ஏ மட்டும் வெளுக்கும், 2பி நடுத்தரச் சாம்பலாக நிற்கும். இரண்டாம் வகையின் இன்னொரு உட்பிரிவான 2சி இழைகள் அமிலத்தை ஓரளவு தாங்குபவை. காரத்தில், அதாவது பிஎச் 9.4-இல் முன்னூறல் செய்தால் படம் தலைகீழ்: முதல் வகை வெளுப்பு, இரண்டாம் வகை கறுப்பு. புரூக், கைசர் இருவரும் 1970-இல் இந்த வேறுபாட்டை வைத்தே இழைகளை வகைப்படுத்தினார்கள். மனிதத் தசையில் 2பி என்று அன்று பிரித்த இழையின் மயோசினை இன்று 2எக்ஸ் என்கிறோம்.

4.3-க்கும் 4.6-க்கும் இடையே எவ்வளவு சின்ன இடைவெளி! கரைசல் கொஞ்சம் பிசகினாலும், ஊறும் நேரமோ வெப்பநிலையோ மாறினாலும் 2ஏ-வும் 2பி-யும் பிரியாமல் கலந்துவிடும். எலித் தசைக்கு இதே எண்களை அப்படியே பயன்படுத்தவும் முடியாது. 'கறுத்த இழை' என்று மட்டும் எழுதினால் அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னூறலின் பிஎச் அளவையும் பக்கத்தில் எழுத வேண்டும்.