கவுண்டரில் சொல்ல முடியாத வீக்கம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன் அவன். வயது 24. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கவுண்டரில் முதுகுவலி என்று சொன்னதால் அட்டையிலும் அதுவே எழுதியிருந்தது. நான் பார்த்து முடித்து மருந்து எழுதும்போது, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "டாக்டர், கீழேயும் ஒரு வீக்கம் இருக்கு."

எட்டு மாதமாக இருந்ததாம். வலது விதை இடதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கல் போல இருந்தது. அழுத்தினால் வலியில்லை. ஓதம், அதாவது விதைப்பையில் நீர் கோத்திருக்கிறது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். குலை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கியிருக்கும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருக்கிறார். வலி இல்லாததால் அவனும் விட்டுவிட்டான்.

முதுகுவலிக்கும் அந்த வீக்கத்துக்கும் தொடர்பு இருந்தது. கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் அவை கீழே இறங்குகின்றன. விதையிலிருந்து வடியும் நிணநீரைக் கொண்டுபோகும் பாதை மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறது. அதனால் விதைப் புற்றுநோய் பரவும்போது வழக்கமாக முதலில் போய்ச் சேருவது வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கு. அவனுக்கு வலித்தது அங்கேதான்.

அவனை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அன்று, மருத்துவம் தெரிந்த ஒருவரே என்னிடம் கேட்டார்: "இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோயாயிற்றே?" கேள்வியில் தவறில்லை. நார்வே, டென்மார்க் நாடுகளில் ஆண்டுக்கு 1,00,000 ஆண்களில் ஏறக்குறைய 10 பேருக்கு இது வருகிறது. இந்தியாவில் ஒருவருக்கும் குறைவு. மலேசிய ஆண்களுக்கு அதிகம் வரும் பத்துப் புற்றுநோய்களிலும் இது கிடையாது. அதற்காக, இது ரத்தத்தில் எழுதியிருக்கிற விஷயம் என்று முடிவுகட்ட முடியாது. பின்லாந்தில் இது குறைவு, ஸ்வீடனில் அதிகம். பின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குக் குடிபோன ஆண்களுக்குப் பழைய குறைந்த அளவே தொடர்ந்தது. ஆனால் ஸ்வீடனில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளின் அளவு ஸ்வீடன்காரர்களின் அளவை நெருங்கிவிட்டது.

என்னை உறுத்துவது அமெரிக்கக் கணக்கு. அங்கே கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் வெள்ளையர்களைவிட நான்கைந்து மடங்கு குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தவர்களில் இறப்பவர்களின் விகிதம் கறுப்பினத்தவரிடம்தான் அதிகம். அதற்கு ஒரு முக்கியக் காரணம், நோய் முற்றிய பிறகே அவர்களில் பலருக்குக் கண்டுபிடிக்கப்படுவது. குறைவாக வரும் நோய் என்றால் நோயாளிக்கும் சந்தேகம் வராது, பார்ப்பவருக்கும் வராது. நம் தோட்டங்களிலும் அதே கதை நடந்துவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து எடுத்த 2012–2016 தேசியப் பதிவேட்டின்படி, மலேசியாவில் 100க்கு 64 பேர் அளவில் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

இந்த நோயில் தாமதம் இன்னும் அநியாயம், ஏனென்றால் இது குணமாகக்கூடிய புற்றுநோய். 1974இல் அமெரிக்காவின் இந்தியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததிலிருந்து நிலைமை தலைகீழாக மாறியது. கட்டி விதையோடு நிற்கும்போதே பிடித்தால், ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்பவர்கள் அமெரிக்கக் கணக்கில் 100க்கு 99 பேர். தொலைவுக்குப் பரவிய பிறகுகூட 73 பேர் அளவில் இருக்கிறார்கள்.

அவன் கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியது அல்ல. "கல்யாணம் பண்ண முடியுமா டாக்டர்?" முடியும். ஒரு விதையை எடுத்தாலும், மற்றது நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் பிள்ளைக்கும் பொதுவாக அதுவே போதும். கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்கும் வழியைப் பற்றியும் ஆஸ்பத்திரியில் கேட்கலாம்.

இன்னொன்று தாய்மார்களுக்கு. ஆண் குழந்தையின் விதை இறங்கவில்லை என்றால் "வளர வளர இறங்கிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆறு மாதம்வரை அது சரி. அதற்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒரு வயதை ஒட்டி, ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை நடந்துவிட வேண்டும். இறங்காத விதை பிற்காலத்தில் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது.

வாலிபப் பிள்ளைகளே, 15 முதல் 40 வயதுவரைதான் இது அதிகம் வருகிறது. குளிக்கும்போது வெந்நீரில் பை தளர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு விதையையும் விரல்களால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் மெத்தென்று கயிறு போல இருப்பது இயல்பானது. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும் இயல்புதான். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, புதிதாகப் பாரமாக இருந்தாலோ, ஓதமா என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். ஓதத்துக்குள்ளேயே கட்டி ஒளிந்திருப்பதும் உண்டு. ஒரு ஸ்கேன் அதைக் காட்டிவிடும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கவுண்டரில் பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறார், காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால், "அடிவயிற்றில் வீக்கம்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை உள்ளே, கதவு சாத்தியதும் சொல்லலாம்.