"அவங்க கட்சிக்காரங்களே சொல்றாங்களே, சார்!"

செய்தி சரிபார்ப்பு வேலையில் இருக்கிறேன். அமெரிக்கத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்வி வரும். ஒரு வீடியோ துண்டு, கீழே, "இதை எதிர்க்கட்சி சொல்லல சார், அவங்க கட்சிக்காரங்களே மேடையில சொல்றாங்க. அப்ப உண்மையாத்தானே இருக்கும்?"

கமலா ஹாரிஸ் பற்றி இப்படி நிறைய வரும். அம்மா சியாமளா கோபாலன் வழியில் வேர் துளசேந்திரபுரம் வரை போவதால், அவரைப் பற்றி எது வந்தாலும் நம் குடும்பக் குழுக்களில் ஒரு சுற்று வந்துவிடும். அதில் ஒரு துண்டு 2019 ஜூலை 31 அன்று டெட்ராய்ட்டில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதத்தில் எடுத்தது. அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள்ளேயே நடக்கும் போட்டி, அதாவது பிரைமரி. சக போட்டியாளர் துளசி கபார்ட் சொல்கிறார்: கஞ்சா வழக்குகளில் 1,500 பேருக்கு மேல் சிறையில் தள்ளிவிட்டு, நீங்கள் கஞ்சா புகைத்ததுண்டா என்று கேட்டபோது ஹாரிஸ் சிரித்தார்.

சிரித்தது உண்மை, ஒரு வானொலிப் பேட்டியில் அது பதிவாகியிருக்கிறது. எண்ணும் கற்பனை இல்லை. ஹாரிஸ் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்த ஆண்டுகளில் மாநிலச் சிறைகளுக்குப் போனவர்களின் கணக்கு அது. ஆனால் அங்கே இந்த மாதிரி வழக்குகளைப் பெரும்பாலும் நடத்துவது அந்தந்தக் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞர்கள். மாநிலக் கணக்கு முழுவதையும் ஒருவர் தலையில் கட்டியதுதான் தாக்குதல். எண் பொய் என்று எழுதினால் நாங்கள் தவறு, உண்மை என்று எழுதினாலும் தவறு. இந்தத் தொழிலில் எனக்குத் தலைவலி கொடுப்பது முழுப் பொய் அல்ல, இந்த ரகம்தான்.

பிரைமரியில் இந்த ரகம் மலிவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கட்சி, ஏறக்குறைய ஒரே கொள்கை, ஒரே வாக்காளர்கள். கொள்கையில் பெரிதாக வித்தியாசம் காட்ட முடியாதபோது ஆளைத்தான் குறி வைக்க வேண்டும். எதிர்க்கட்சி சொன்னால் "அவன் அப்படித்தான் சொல்வான்" என்று தள்ளிவிடுகிற வாக்காளர், சொந்தக் கட்சிக்காரர் சொன்னால் காது கொடுக்கிறார். அந்த நேரத்தில் ஹாரிஸ் தோற்பதால் மற்ற எவரையும்போல கபார்ட்டுக்கும் லாபம் உண்டு என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதன் மிக அசிங்கமான உதாரணம் 2000-ஆம் ஆண்டு தெற்கு கரோலினா. பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்ன், ஜார்ஜ் புஷ்ஷைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார். பிப்ரவரி 19 அன்று தெற்கு கரோலினாவில் குடியரசுக் கட்சி பிரைமரி. நடுவில் இருந்த நாட்களில் துண்டறிக்கை, மின்னஞ்சல், தொலைபேசி என்று எல்லா வழியிலும் ஒரு வதந்தி பரவியது: மெக்கெய்னுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு கறுப்பினக் குழந்தை உண்டு. பிரசார மேடைகளில் அவரோடு கறுத்த நிறச் சிறுமி ஒருத்தி நின்றாள். பங்களாதேஷில் அன்னை தெரசாவின் இல்லத்திலிருந்து மெக்கெய்ன் தம்பதி எடுத்து வளர்த்த மகள் பிரிட்ஜெட். வதந்தியைக் கேட்டவர் மேடையைப் பார்த்தால் போதும், சான்று கண்ணெதிரே நிற்கிறது! நெருப்பில்லாமல் புகையுமா என்பார்களே, வதந்தி பரப்பியவர்கள் அந்த நெருப்பாக ஒரு குழந்தையைக் காட்டினார்கள். புஷ் 53 சதவீதம், மெக்கெய்ன் 42. வதந்தியைக் கிளப்பியது யார் ஏற்பாடு என்று நிரூபிக்கப்படவில்லை. புஷ் தரப்பு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது. மெக்கெய்னும் ஒன்றும் மகாத்மா இல்லை. அப்போதைய அதிபர் கிளின்டனைப் போல உண்மையைத் திரிக்கிறார் என்று புஷ்ஷை விளம்பரத்தில் தாக்கினார். அது அவருக்கே திருப்பி அடித்தது.

அந்தத் தொலைபேசி உத்தியைக் கொஞ்சம் கவனியுங்கள், குறிப்பாக அமெரிக்காவில் ஓட்டு உள்ள நம்மவர்கள். கருத்துக்கணிப்பு என்று சொல்லித்தான் பேச்சு தொடங்கும். "மெக்கெய்னுக்கு இப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்பது கேள்வி. நிஜமான கணிப்பாக இருந்தால் வயது, படிப்பு, ஊர் எல்லாம் கேட்பார்கள்; சில நூறு பேர், ஆயிரம் பேரோடு முடித்துக்கொள்வார்கள். இதில் அதெல்லாம் இருக்காது. ஒன்றிரண்டு கேள்வி, ஃபோன் வைத்தாயிற்று. பதில் அவர்களுக்கு வேண்டாம், கேள்வி உங்கள் காதில் விழுந்தால் போதும்.

2016-இல் அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில், இதே சமையல், வேறு பாத்திரம். போட்டியாளர்களில் ஒருவரான பென் கார்சன் அடுத்த மாநிலத்துக்கு நேராகப் போகாமல் ஃப்ளோரிடாவில் உள்ள வீட்டுக்குப் போகிறார் என்று சிஎன்என் சொன்னது. அது சரியான செய்தி. இன்னொரு போட்டியாளர் டெட் க்ரூஸ் தரப்பு, வாக்களிப்பு நடந்த மாலையிலேயே, கார்சன் போட்டியை விட்டு விலகப்போகிறார் என்ற தொனியில் தன் ஆட்களுக்கு அனுப்பிவிட்டது. கார்சன் போனது மாற்றுத் துணி எடுக்க. க்ரூஸ் மறுநாள் மன்னிப்புக் கேட்டார், ஆனால் அதற்குள் அயோவாவில் அவர் ஜெயித்தாகிவிட்டது.

"டிவியிலயே வந்துச்சு சார்" என்பார்கள். வேட்பாளர் தானே கொடுக்கும் விளம்பரத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிலையங்கள் தணிக்கை செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதில் அவதூறு இருந்தாலும் நிலையத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதரவாளர் குழுக்கள் கொடுக்கும் விளம்பரத்தை மட்டும் நிலையம் மறுக்கலாம். "இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன்" என்று வேட்பாளர் சொல்லும் வரி 2002 சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் மெக்கெய்னும் ஒருவர். அந்த வரி, சொன்னது யார் என்பதற்குத்தான் சான்று.

இப்போது குரலையே நம்ப முடியவில்லை. 2024 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு இரண்டு நாள் முன்பு, பைடன் குரலில் வாக்காளர்களுக்கு அழைப்பு போனது: உங்கள் ஓட்டை நவம்பர் பொதுத் தேர்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. செயற்கை நுண்ணறிவில் செய்த குரல். ஏற்பாடு செய்தவர், அதே ஜனநாயகக் கட்சியில் பைடனை எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸிடம் வேலை பார்த்த ஓர் ஆலோசகர். ஃபிலிப்ஸ் தரப்பு தங்களுக்குத் தெரியாது என்றது, ஆலோசகரோ, ஆபத்தை உலகுக்கு உணர்த்தவே செய்தேன் என்றார் (நல்ல சமூக சேவை!). அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2025-இல் குற்ற வழக்கில் நடுவர் குழு அவரை விடுவித்தது.

அந்த மாதிரி அழைப்பு வந்தால் அதிர்ச்சியில் அழித்துவிடாதீர்கள். குரல்பதிவு, வந்த எண், நேரம் மூன்றையும் வைத்துக்கொண்டு உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் திரையில் தெரிந்த எண் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவி ஒருவருடையது போல இருந்தது. அழைப்புகள் உண்மையில் டெக்சாஸ் நிறுவனங்கள் வழியாக வந்தவை என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு அனுப்புவதானாலும் வெட்டிய துண்டை அனுப்பாமல், அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.