டர்பைன் பிளேடு ஏன் உருகல?

லாஸ்பேட்டைல எங்க மொட்டை மாடில நின்னா ஏடிஆர்ங்கற சின்ன புரொபெல்லர் விமானம் இறங்கறது நல்லா தெரியும். பாண்டிச்சேரி ரன்வே 1500 மீட்டர் கிட்டதான், அதனால பெருசு எதுவும் இங்க வராது. போன வாரம் அண்ணன் பொண்ணு அத அண்ணாந்து பாத்துட்டே கேட்டா, "சித்தப்பா, அவ்ளோ சூட்டுல இன்ஜினே உருகிடாதா?" பதினொன்னாவது படிக்கிற பொண்ணு, சும்மா ஏதாவது சொல்லி சமாளிக்க முடியாது.

ஜெட் இன்ஜின்னா காத்த உள்ள இழுத்து அமுக்கி, எரிபொருள் ஊத்தி எரிச்சு, அந்த சூட்டுக் காத்தால டர்பைன்ங்கற சக்கரத்த சுத்த வெக்கறது, இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அந்த சக்கரத்தோட இறக்கைதான் பிளேடு. முன்னாடி புரொபெல்லர் இருந்தாலும் ஏடிஆர் உள்ளயும் இதே கதைதான். எவ்ளோ சூடா எரிக்கிறோமோ அவ்ளோ எரிபொருள் மிச்சம். நெய்வேலி அனல்மின் நிலையத்துல டர்பைனுக்குள்ள போற நீராவி சுமார் 540 டிகிரி. பெரிய ஜெட் இன்ஜின்ல டர்பைன் பிளேடு மேல அடிக்கற காத்து 1500 டிகிரிக்கும் மேல, பிளேடு செஞ்ச நிக்கல் கலவையோ 1300 சொச்சத்துலயே உருக ஆரம்பிச்சிடும். அவ கேட்டது நியாயமான கேள்விதான்.

பிளேடு உள்ள பொந்து. காத்த அமுக்கற கம்ப்ரஸர்லேர்ந்து கொஞ்சம் காத்தத் திருடி அதுக்குள்ள விடறாங்க, அது மேல இருக்கற பொடிப்பொடி ஓட்டை வழியா கசிஞ்சு பிளேடு மேல ஒரு மெல்லிசு போர்வையா படருது, நெருப்புக் காத்து அந்தப் போர்வை மேலயே போயிடும். இதுல எனக்குப் புடிச்சது, அந்த "குளிர்ந்த" காத்தே 600 டிகிரிக்கு மேல இருக்கும். சைக்கிள் பம்ப் அடிச்சா அடி சுடுதுல்ல, அதேதான், இங்க அமுக்கறது ரொம்ப ஜாஸ்தி.

சரி, உள்ள அவ்ளோ வளைஞ்சு நெளிஞ்ச பொந்த எப்படி செய்றாங்க? மெழுகுல! சிதம்பரம் நடராஜர் மாதிரி செப்புத் திருமேனி வார்க்கற அதே வேலைதான். மெழுகுல பிளேடு செஞ்சு, மேல செராமிக் பூசி, மெழுக உருக்கி வெளில ஊத்திட்டு அந்த இடத்துல உலோகத்த ஊத்தறது. பொந்துக்காக மெழுகுக்குள்ள முன்னாடியே ஒரு செராமிக் கரு வெச்சிருப்பாங்க, கடைசில அத காஸ்டிக் சோடா மாதிரி காரத்துல கரைச்சு எடுத்துடுவாங்க.

அதுக்கப்புறம்தான் ஜாலமே. சாதாரண உலோகம் கடலை மிட்டாய் மாதிரி, துண்டு துண்டா படிகம் ஒட்டி நிக்கும். சூட்டுல, டன் கணக்குல இழுக்கற சுழற்சி விசைல, அந்த ஒட்டுல மெதுவா நீண்டு விட்டுடும். அதனால ஒட்டே இல்லாம, ஒரே கல்கண்டா முழு பிளேடையும் வளக்கறாங்க. உலோகம் ஊத்தின செராமிக் அச்சோட அடில குளிர்ந்த தட்டு, அதுல பல படிகம் ஒண்ணா முளைக்கும், மேல போக ஒரே ஒரு சுருள் பாதை. ஆருத்ரா தரிசனக் கூட்டம் மாதிரி எல்லாம் முண்டியடிக்கும், சுருள்ல திரும்பித் திரும்பி ஒண்ணுதான் மேல வரும். அந்த ஒண்ணே, அச்ச உலையிலேர்ந்து மெதுவா இறக்க இறக்க, மொத்த பிளேடா வளந்துடும்.

2019ல பிரான்ஸ்ல ரஃபேல் போர் விமானம் வாங்கும்போது சக்கரத்துக்கடில எலுமிச்சம்பழம் வெச்சோம். வெக்கட்டும், ஆனா அதே விமானத்தோட இன்ஜின நம்மளால இன்னும் செய்ய முடியல. நம்ம தேஜஸ் போர் விமானத்துக்காக ஆரம்பிச்ச காவேரி இன்ஜின் திட்டத்துக்கு 1989ல அனுமதி குடுத்தாங்க, 2008ல தேஜஸ் திட்டத்துலேர்ந்து அத பிரிச்சாங்க. ஹைதராபாத்ல இருக்கற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வுக்கூடம் டிஎம்ஆர்எல், ஒற்றைப் படிக பிளேடு 60 செஞ்சு ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக அரசு விமான கம்பெனி ஹெச்ஏஎல்கிட்ட குடுத்தது 2021ல. மெழுகு வார்ப்பு நம்ம ஊர் வித்தை, நமக்கு ஆள் பஞ்சம் இல்ல, பொறுமையா வருஷக்கணக்குல காசு போடறதுதான் பஞ்சம்னு நெனைக்கிறேன்.

இனிமே என்ன வருதுன்னா, முன்னாடி இருக்கற பெரிய விசிறி மெதுவா சுத்த கியர் போட்ட இன்ஜின் ஏற்கனவே பறக்குது, விசிறிக்கு உறையே இல்லாத ஓபன் ஃபேன்ல 20 சதவீதம் எரிபொருள் மிச்சம் பண்ணப் போறோம்னு 2021ல சிஎஃப்எம்ங்கற இன்ஜின் கம்பெனி அறிவிச்சுது. உலோகத்துக்குப் பதிலா செராமிக் பாகமும் அதே கம்பெனியோட லீப் இன்ஜின் டர்பைன்ல வந்தாச்சு. எதுவா இருந்தாலும் நடுவுல அந்த சூடு இருந்துட்டேதான் இருக்கும்.

இவ்ளோவும் கேட்டுட்டு அவ, "அந்த ஓட்டைல தூசி அடைச்சிக்கிட்டா?"ன்னா. அடைச்சிக்கும். பாலைவன ஊர்ல பறக்கற இன்ஜின்ல மண்ணு உள்ள போய் அந்த சூட்டுல கண்ணாடி மாதிரி உருகி பிளேடு மேல ஒட்டி ஓட்டைய மூடுது, இன்ஜின் கம்பெனிங்க இன்னும் அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்காங்க.