புரோக்கர் ஃபைலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்

போன நவம்பரில் ஒரு அம்மா தன் மகனோடு அலுவலகத்துக்கு வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். கணவர் விட்டுப்போன பங்குகளை 2024 அக்டோபரில் 8,40,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். மகனே புரோக்கர் தந்த ஃபைலை வரி சாஃப்ட்வேரில் ஏற்றி, ஐடிஆர்-2 என்ற வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்து முடித்துவிட்டார். பங்கு விற்றதற்கு மட்டும் வரி 1,74,720 ரூபாய். அம்மாவின் எஃப்.டி.யை உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். "இவ்வளவு வருமா சார்?" என்று கேட்கத்தான் வந்தார்கள்.

வராது. 20,150 ரூபாய்தான் வந்திருக்க வேண்டும்.

கணவர் அந்தப் பங்குகளை 2009-இல் 1,10,000 ரூபாய்க்கு வாங்கினார். 2016-இல் அவர் காலமானபின் அவை அம்மாவின் டீமேட் கணக்குக்கு வந்தன. 2024 ஜூனில் மகன் வேறொரு புரோக்கரிடம் அம்மா பெயரில் கணக்கு திறந்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றினார். புதிய புரோக்கருக்கு இவை எப்போது, என்ன விலைக்கு வாங்கியவை என்று எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டில் வாங்கிய விலை காலியாக இருந்தது. ஃபைலை ஏற்றியதும் அந்தக் காலிக் கட்டம் பூஜ்யமாயிற்று. வாங்கிய தேதி இருக்க வேண்டிய இடத்தில் பங்கு வந்துசேர்ந்த தேதி உட்கார்ந்துகொண்டது. பதினைந்து வருஷப் பங்கு நாலு மாதப் பங்காகி, 8,40,000 ரூபாயும் குறுகிய கால ஆதாயம் ஆனது. 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ்.

சரியான கணக்கைப் பாருங்கள். வாரிசாக வந்த பங்குக்குக் கணவர் வாங்கிய தேதிதான் தேதி, அவர் கொடுத்த விலைதான் விலை. அதோடு, அதற்கு முன்பே வாங்கிய பங்கு என்பதால், 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் அந்தப் பங்கு தொட்ட உச்ச விலையையும் பார்க்க வேண்டும். அந்த விலையில் இவை 5,60,000 ரூபாய். வாங்கிய விலையைவிட அதிகம், விற்ற விலையைவிடக் குறைவு. ஆகவே அதையே அடக்க விலையாக எடுக்கலாம். நீண்ட கால ஆதாயம் 2,80,000. அதில் 1,25,000-க்கு வரியில்லை. மீதி 1,55,000-க்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 20,150.

விளக்கியபோது அந்தத் தம்பி சொன்னார்: "சாஃப்ட்வேர்ல எல்லாமே பச்சை டிக் வந்துச்சு சார்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! அந்த டிக் எதைச் சொல்கிறது என்று தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். பங்கின் அடையாளக் குறியீடான ஐஎஸ்ஐஎன் 12 எழுத்தில் இருக்கிறதா, தேதிக் கட்டத்தில் தேதி இருக்கிறதா, கூட்டல் கழித்தல் சரியா, இவ்வளவுதான் அது பார்க்கும். பூஜ்யமும் அதற்கு ஒரு எண்தான். உங்கள் அப்பா 2009-இல் காசு கொடுத்து வாங்கினார் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. தன் மூலம் வாங்காத பங்குக்கு அவர் போடும் விலையும் தேதியும் சான்று ஆகாது.

"ஏஐஎஸ்-ஓடு ஒத்துப்போகுதே" என்று அடுத்த கேள்வி வரும். ஏஐஎஸ் என்பது வருமான வரித் துறை நம் பெயரில் வைத்திருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கை. அதில் காட்டும் விற்பனைத் தொகையே பெரும்பாலும் அன்றைய இறுதி விலையை வைத்து, பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி போட்ட மதிப்பீடு. புரோக்கர் தரும் பரிவர்த்தனைச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டுக்கும் அதற்கும் சின்ன வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், கான்ட்ராக்ட் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதற்காக அடக்க விலையையும் அங்கிருந்தே எடுத்து எழுதாதீர்கள்.

சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் என்னைக் கேட்டால் நல்லதுதான், எங்கே இடிக்கிறது என்றாவது தெரிகிறது. ஆனால் பிழை வந்த வரியையே அழித்துவிட்டு மற்றதை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். விற்பனை வருமான வரித் துறையின் பதிவில் இருக்கிறது, ரிட்டர்னில் இல்லை என்றால் நோட்டீஸ் வீடு தேடி வரும்.

அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு தேதி. சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் திறந்து சேமித்தாலே சில கணினிகளில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். 05-08-2024 என்பது மே 8 ஆகிவிடும். அந்த வருஷம் இது சாதாரணத் தவறு அல்ல. 2024 ஜூலை 23-க்கு முன் விற்றால் நீண்ட காலத்துக்கு 10, குறுகிய காலத்துக்கு 15 சதவீதம். அன்றும் அதற்குப் பின்னும் 12.5, 20. ஏற்றியபின் ஒவ்வொரு தேதியையும் கண்ணால் பாருங்கள். ஒரே ஃபைலை இரண்டு முறை ஏற்றி விற்பனையை இரட்டிப்பாக்கியவர்களும் உண்டு, மொத்தத்தைச் சரிபாருங்கள். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடியைச் செலவில் சேர்க்காதீர்கள், அதற்குக் கழிவு கிடையாது.

போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), டீமெர்ஜர் (நிறுவனத்தின் ஒரு பிரிவு தனி நிறுவனமாவது) நடந்த பங்குகளை ஃபைலை நம்பி விடவே கூடாது. 2018 ஜனவரி 31-க்குப் பின் ஸ்ப்ளிட் ஆகியிருந்தால் அந்த நாள் விலையையும் அதே விகிதத்தில் பிரிக்க வேண்டும். அதற்குப் பின் வந்த போனஸ் பங்குக்கோ அடக்க விலை பூஜ்யம்தான், அங்கே பூஜ்யம் சரி. 2023-இல் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது பழைய விலை 95.32 சதவீதம், 4.68 சதவீதம் என்று பிரிக்கப்பட்டது. ரிலையன்ஸை 2,00,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், 1,90,640 அதற்கு, 9,360 ஜியோவுக்கு. வாங்கிய தேதி இரண்டுக்கும் ஒன்றே. பலருடைய ரிப்போர்ட்டில் ஜியோவுக்கு பூஜ்யம் நிற்கிறது, ரிலையன்ஸில் முழு விலையும் அப்படியே இருக்கிறது.

2018 ஜனவரி 31-க்குப் பின் வாங்கியவற்றை, ரிட்டர்னில் பங்குகளின் நீண்ட கால ஆதாயத்தைக் காட்டும் அட்டவணை 112ஏ-வில் ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டலாம். பங்கு வாரியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது பழையவற்றைத்தான், அது ஒரு மாலை வேலை.

பெற்றோரின் பங்குகளை வேறு புரோக்கருக்கு மாற்றப் போகிறீர்களா? பழைய கணக்கை மூடுவதற்கு முன் அதன் முழுப் பரிவர்த்தனை விவரத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த அம்மாவுக்கு 2009-ஆம் வருஷக் காகிதம் கிடைத்தது பீரோவின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே.

டிசம்பர் 31-க்கு முன்பே வந்துவிட்டதால் திருத்திய ரிட்டர்ன் போட முடிந்தது. கூடுதலாகக் கட்டிய 1,54,570 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். எஃப்.டி.யை முன்கூட்டியே உடைத்ததில் போன வட்டியை யாரிடம் கேட்பது?