தட்டு சுட்ட சூளையில் சாணைக்கல்

பத்து அங்குல அகலமுள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கோணாமல் சுட்டெடுக்க ஜப்பானின் நிப்பான் தோகி நிறுவனத்துக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. நியூயார்க்கில் கடை நடத்திவந்த மொரிமுரா குடும்பத்தினர், 1904இல் நகோயாவை அடுத்த நொரிடாகேயில் தொடங்கிய ஆலை அது. அதன் முதல் முழு விருந்துப் பாத்திரத் தொகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது 1914இல்தான். தாமதத்துக்குக் காரணம் பீங்கானின் இயல்பே. கயோலின் என்ற வெண்களிமண்ணும், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமங்களும் கலந்த சுடாத தட்டை 1,300 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும்போது, ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, மற்றத் துகள்களின் இடுக்குகளில் புகுந்து, ஆறியதும் அவற்றை இறுகப் பிணைத்துவிடுகிறது. ஆனால் உருகும் வேளையில் தட்டு முழுவதும் இளகிச் சுருங்குவதால், தாங்கலின்றி விரிந்து கிடக்கும் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். மண்கலவையையும் சூட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் இதை வென்றார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு வரத்துக் குறைந்தபோது, அமெரிக்கச் சந்தையில் ஜப்பானியப் பீங்கானுக்கு வழி அகலத் திறந்தது.

அடுத்த போர் அதே வழியை அடைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பானும் அமெரிக்காவும் போரில் மோதிக்கொண்டபின் அமெரிக்கச் சந்தையே இல்லை. உள்நாட்டிலும் உற்பத்தி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிஃபு வட்டாரக் கிண்ணங்களின் அடியில் ஆலையின் பெயர் மறைந்து, வட்டாரப் பெயரின் முதல் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே பதிந்தன. உலோகமெல்லாம் ஆயுதத்துக்குப் போனதால், அதன் இடத்தைச் சுட்ட மண் நிரப்ப வேண்டியிருந்தது. கைக்குண்டின் கூட்டைக்கூட மண்ணில் சுட்டார்கள். செட்டோ, அரிட்டா, கியோட்டோ ஆகிய இடங்களில் 1945இல் பீங்கான் நாணயங்களும் உருவாயின. புழக்கத்துக்கு வருமுன் போர் முடிந்ததால் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன.

நொரிடாகே ஆலையின் மாற்றம் இவற்றைவிட ஆழமானது என்பேன். தட்டின் அடிவிளிம்பைத் தேய்த்துச் சமன்செய்யச் சாணைக்கல் தேவைப்படும் தொழில், போர்க்காலத்தில் ஆயுத ஆலைகளுக்கே சாணைக்கல் சுட்டுக் கொடுத்தது. அலுமினா அல்லது சிலிக்கன் கார்பைடு என்ற கடினப் பொருளின் மணிகளைக் களிமண்ணோடும் ஃபெல்ட்ஸ்பாரோடும் பிசைந்து அச்சிலிட்டுச் சுட்டால், அதே கண்ணாடிக் குழம்பு அந்த மணிகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். தட்டில் துளைகளே இருக்கலாகாது. சாணைக்கல்லிலோ தேய்க்கப்படும் பொருளின் சீவல் ஒதுங்க இடைவெளி வேண்டும், மழுங்கிய மணி உதிர்ந்து கூரிய மணி வெளிப்படவும் வேண்டும். ஆகவே பிணைப்பை அளந்து குறைப்பதே இங்கு கைத்திறன்.

போருக்குப் பின் தேர்ந்த கைகளும் நல்ல மூலப்பொருளும் அருகிப்போயிருந்தன. பழைய தரம் கைகூடாத பாத்திரங்களில் தன் முத்திரையான நொரிடாகே பெயரைப் பொறிக்க நிறுவனம் மறுத்து, 1946 முதல் 1948 வரை ‘ரோஸ் சைனா’ என்ற முத்திரையோடு அனுப்பியது. விற்றால் போதும் என்றிருந்த காலத்தில் எடுத்த அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். தரம் மீண்டபின் பழைய பெயரும் தட்டுகளுக்குத் திரும்பியது. சாணைக்கல் தொழிலும் தொடர்ந்து வளர்ந்தது; இன்று அந்நிறுவனத்தின் வருவாயில் பாத்திரங்களைவிடத் தொழிற்சாலைப் பொருட்களின் பங்கே பெரிது.