ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கும் முன்

பேரூராட்சியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும்தான் டிசி கேட்டு வரிசையாக நிற்கிறார்கள். "இனிமேலாவது நல்ல ஸ்கூல்ல போடலாம்னு பாக்குறோம் சார்" என்பார்கள்.

அப்படிப் போன ஒரு பெண்ணை மறு வருடமே அவள் அப்பா ஏழாம் வகுப்புக்குத் திரும்பக் கூட்டி வந்தார். ஃபீஸ் கட்ட முடியவில்லை. "ஒரு வருஷம்தானே சார்" என்றார். அந்த ஒரு வருடத்தில் என்ன போனது என்று எடுத்துச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. "அப்பவே யாரும் சொல்லலையே சார்" என்றார். உண்மைதான். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி டிசியைக் கொடுத்தோமே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரும் குறைவார். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடுகிறார்கள். உபரி என்று வந்துவிட்டால் பணி நிரவலில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மீதமுள்ளவர் கணக்கையும் அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்துப் பார்ப்பார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் டிசி கேட்பார்கள்.

பெற்றோரின் பயம் வெறும் பயம் இல்லை. ஜூனில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால், சிலர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறார்கள். இதை மறைத்துவிட்டுச் சேர்க்கை கேட்பது நியாயமில்லை. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் தினமும் சத்தமாக வாசிக்க வைக்கிறோம். தீபாவளிக்குள் பெரும்பாலானவர்கள் பத்தியாகப் படித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். புதன்கிழமை மூன்றாம் வகுப்புத் தங்கை பொங்கல் சாப்பிடுவாள். ஏழாம் வகுப்பு அண்ணன் அவள் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். இரண்டாம் பீரியடிலேயே அவனுக்குத் தலை சாய்ந்துவிடும். எட்டாம் வகுப்பு வரை இந்தச் சாப்பாடு வந்தே ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் (தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை) தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் இதை எழுதவே முடியாது.

டிசி கேட்கும் முன் ஒருநாள் பள்ளிக்கு வாருங்கள். எந்தப் பாடத்துக்கு யார் இருக்கிறார், உங்கள் பிள்ளை எந்த அளவில் படிக்கிறது என்று கேளுங்கள். குறையை என்னிடமே சொல்லலாம். பன்னிரண்டு மணி வாக்கில் வந்தால் ஆறாம் வகுப்பு வாசிப்பதை நேரிலேயே கேட்கலாம்.